உச்சிக்குழிக்குக் கீழே: மூளை பற்றி வாசகர் கேள்விகள்

மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறியல் சொல்லிக்கொடுத்து முப்பத்தொரு வருடம் கழித்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பெரும்பகுதி மூளையும் நரம்பும்தான். சென்ற இதழில் ஆசிரியர், "மூளையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தார். இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் இங்கே இடம் இல்லை. மனசில் தங்கியவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பெண்ணின் கடிதத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அதற்குப் பதில் எழுத எனக்கு நாலு நாள் ஆனது.

*

மேடம், நீங்கள் நிஜ மனித மூளையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? எப்படி இருக்கும்?
– எட்டாம் வகுப்பு மாணவி

எடுத்திருக்கிறேன், கண்ணு. முதல் தடவை எடுத்தபோது எனக்குப் பதினெட்டு வயது. உடலைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தின் நெடியில் கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. வாளியிலிருந்து தூக்கி என் இரண்டு உள்ளங்கையிலும் வைத்தார்கள். ஏறக்குறைய 1,300 கிராம். கனமாக இருக்கிறதே என்பதுதான் முதலில் தோன்றியது.

படத்தில் பார்ப்பதுபோல ரோஜா நிறமாக இருக்காது. ஃபார்மலினில் ஊறியது சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறத்தில், அழுத்தினால் ரப்பர்போல இருக்கும். உயிரோடு இருக்கும் மூளை அப்படியில்லை. அது அவ்வளவு மென்மையானது. மண்டைக்குள் நீரில் மிதந்துகொண்டிருப்பதால்தான் தன் எடையிலேயே தான் நசுங்காமல் இருக்கிறது. மேலே கண்ணாடித்தாள்போல ஒரு சவ்வு, அதில் ரத்தக்குழாய்கள் கொடியாகப் படர்ந்திருக்கும். இடுக்கியால் மெதுவாக அதை உரித்தால் மடிப்புகள் தெரியும். மடிப்புகளின் மேல்பரப்பில் இருப்பதுதான் புறணி. இரண்டு முதல் நாலு மில்லிமீட்டர் தடிமன்தான். அந்த மடிப்பையெல்லாம் நீவி விரித்துவிட முடியுமென்றால் பெரிய செய்தித்தாளின் ஒரு பக்கம் அளவுக்கு வரும். அதில் மூன்றில் இரண்டு பங்கு மடிப்புகளின் இடுக்கில் ஒளிந்திருக்கிறது. நான் அன்று அந்த இடுக்கில் விரல் நுனியை வைத்துப் பார்த்தேன். இந்த இடத்தில் ஒருவருடைய அம்மாவின் முகம் இருந்திருக்குமோ என்று நினைத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

*

யானையின் மூளை நம்முடையதைவிடப் பெரியது என்கிறார்கள். அப்படியானால் யானைக்குத்தானே அறிவு அதிகம் இருக்க வேண்டும்?
– வங்கி ஊழியர்

யானையின் மூளை ஏறக்குறைய 5 கிலோ. ஸ்பெர்ம் திமிங்கிலத்துடையது 8 கிலோ. உங்கள் கேள்வியை விஞ்ஞானிகளும் ரொம்ப காலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதில் கிடைக்காததற்கு ஒரு காரணம், யாருமே சரியாக எண்ணிப் பார்க்கவில்லை. மனித மூளையில் 10,000 கோடி நரம்பணுக்கள் என்று பாடப்புத்தகத்தில் இருந்தது. நானும் அதையே பல வருடம் கரும்பலகையில் எழுதினேன். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

பிரேசில் நாட்டு விஞ்ஞானி சுசானா ஹெர்குலானோ-ஹௌசல் விடாமல் கேட்டார். அவர் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. மூளையைத் துண்டுகளாக்கி, சோப்புக் கரைசலில் போட்டு அரைத்துக் கரைத்துவிடுவது. அணுக்களின் சுவர் கரைந்துவிடும், உட்கரு மட்டும் கரையாமல் திரவத்தில் மிதக்கும். நன்றாகக் கலக்கி, சாயம் ஏற்றி, ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் எண்ணினால் மொத்தக் கணக்கு வந்துவிடும். 2009-ல் அவர் குழு வெளியிட்ட எண் 8,600 கோடி. அதில் 6,900 கோடி பின்மண்டையில் இருக்கும் சிறுமூளையில். பெருமூளைப் புறணியில் 1,600 கோடி.

அப்புறம் ஆப்பிரிக்க யானையின் மூளையையும் இதேபோல எண்ணினார்கள். 25,700 கோடி! நம்மைப்போல மூன்று மடங்கு. ஆனால் அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சிறுமூளையில் இருக்கிறது. அவ்வளவு நுட்பமான தும்பிக்கையை ஆட்டி வைக்க அது தேவைப்படுகிறது போலும். பெருமூளைப் புறணியில் 560 கோடிதான். குரங்கு வம்சத்தின் மூளைக்கு ஒரு தனித்தன்மை உண்டு: மூளை பெரிதானாலும் ஒவ்வொரு நரம்பணுவும் பருக்காமல், எல்லாம் நெருக்கமாகவே இருக்கும். அந்த வம்சத்திலேயே மிகப் பெரிய மூளை நம்முடையது. அதனால் புறணியில் எண்ணிக்கை சேர்ந்துவிட்டது.

ஒரு மனிதருக்கும் இன்னொரு மனிதருக்கும் நடுவில் எடையை வைத்து எதையும் சொல்லிவிடாதீர்கள். 1955-ல் ஐன்ஸ்டைன் இறந்தபோது பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் குடும்பத்தின் அனுமதி இல்லாமலே மூளையை எடுத்துக்கொண்டார். நிறுத்துப் பார்த்தால் 1,230 கிராம். சராசரி ஆணின் மூளையைவிடக் குறைவு. 240 துண்டாக வெட்டி ஜாடிகளில் பல பத்தாண்டுகள் வைத்திருந்தார்கள். அந்த மேதைமை எங்கே இருந்தது என்று அதிலிருந்து யாராலும் காட்ட முடியவில்லை. அவர் விருப்பப்படி உடலை எரித்துவிட்டார்கள். மூளையையும் அதோடு விட்டிருக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது.

*

மனிதனுக்கு முதலில் அறிவு வளர்ந்து, அதனால் எழுந்து நடந்தானா? அல்லது நடந்த பிறகு அறிவு வளர்ந்ததா?
– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்

ஐயா, இந்தக் கேள்விக்குத் தவறான பதிலை வைத்துக்கொண்டு நாற்பது வருடம் ஒரு துறையே திண்டாடியிருக்கிறது. வரலாறு சொல்லிக்கொடுத்தவர் என்பதால் உங்களுக்கு இது பிடிக்கும், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"மூளைதான் முதலில்" என்பது அன்றைய ஐரோப்பிய அறிஞர்கள் பலரின் நம்பிக்கை. அறிவுதானே மனிதனின் பெருமை, அது முதலில் வந்து மற்றதையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்திருக்கும் என்று நினைத்தார்கள். 1912-ல் இங்கிலாந்தில் பில்ட்டவுன் என்ற ஊரின் சரளைக்குழியில் அவர்கள் எதிர்பார்த்தபடியே ஒன்று "கிடைத்தது". மண்டை மனிதனுடையதுபோலப் பெரிது, தாடை குரங்கினுடையதுபோல. 1953-ல்தான் குட்டு உடைந்தது. மண்டை சாதாரண மனிதருடையது. தாடை ஒராங்குட்டானுடையது. பல்லை அரத்தால் ராவி, எலும்புக்குச் சாயம் போட்டுப் பழசாக்கியிருந்தார்கள். ராவிய கோடுகள் நுண்ணோக்கியில் தெரிந்தன. நாற்பத்தொரு வருடம் அவை அங்கேயேதான் இருந்தன. கண்ணுக்கு வேண்டியது கிடைத்துவிட்டால் கை சோதிப்பதை நிறுத்திவிடுகிறது.

இதற்கு நடுவில், 1924-ல், தென்னாப்பிரிக்காவில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த ரேமண்ட் டார்ட்டுக்கு டாங் என்ற இடத்துச் சுண்ணாம்புக் குவாரியிலிருந்து பெட்டி நிறையக் கற்கள் வந்தன. நண்பர் ஒருவரின் கல்யாணத்துக்கு உடுத்திக்கொண்டு நின்ற நேரம். பெட்டியைத் திறந்தால் மேலாகவே மூளை வடிவத்தில் ஒரு கல். மண்டைக்குள் மண்ணும் சுண்ணாம்பும் புகுந்து இறுகி, மூளையின் அச்சாகவே ஆகியிருந்தது. அதே பெட்டியில் அந்த மண்டையின் முன்பக்கம் புதைந்திருந்த பாறையும் இருந்தது. மனைவியின் பின்னல் ஊசியைக் கூராக்கிக்கொண்டு வாரக்கணக்கில் பாறையைச் சுரண்டினார். உள்ளிருந்து வந்தது ஒரு குழந்தையின் முகம். வாய் நிறையப் பால்பற்கள்.

மூளை மனிதக் குரங்கின் அளவுதான். ஆனால் தண்டுவடம் இறங்கும் துளை மண்டையின் பின்புறத்தில் இல்லை, அடிப்பக்கத்தில் முன்னால் தள்ளி இருந்தது. தலை நிமிர்ந்த முதுகெலும்பின் மேல் உட்கார்ந்திருந்தது என்று அர்த்தம். சின்ன மூளையோடு இரண்டு காலில் நடந்த பிள்ளை! டார்ட் 1925-ல் இதை எழுதினார். பெரியவர்கள் ஏற்கவில்லை. பில்ட்டவுன் போலி வழியில் நின்றது. இருபது வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இன்று சந்தேகமே இல்லை. 1974-ல் எத்தியோப்பியாவில் எலும்புக்கூடாகக் கிடைத்த லூசி 32 லட்சம் வருடம் பழையவள். இடுப்பும் முழங்காலும் நடந்தவளுடையது. அவள் இனத்தின் மூளையோ சிம்பன்சியினுடையதைவிடச் சற்றுதான் பெரிது. 1984-ல் கென்யாவில் துர்க்கானா ஏரிக்கரையில் கிடைத்த சிறுவன் 15 லட்சம் வருடம் பழையவன், மூளை 880 கன சென்டிமீட்டர். நமக்குச் சராசரி 1,350. அப்புறம் மொராக்கோவில் ஜெபல் இர்ஹூத் குகையில் கிடைத்த மண்டைகள், 3 லட்சம் வருடம் பழையவை. அளவு ஏறக்குறைய நம் அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் வடிவம் நீளவாக்கு. நமக்கு இருக்கும் உருண்டை மண்டை அதற்கப்புறம் படிப்படியாக வந்தது. நமக்கு நெருங்கிய, அழிந்துபோன இன்னொரு மனித இனமான நியாண்டர்தால் மனிதரின் மூளை நம்மைவிடச் சிறியதில்லை, சிலருக்குப் பெரியதுகூட. அதுவும் நீளவாக்கு மண்டைதான்.

ஆக, கால் முதலில், கை இரண்டாவது, மூளை மூன்றாவது என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லை உடைத்துக் கத்தி செய்த கைகள் மூளை பெரிதாவதற்கு முன்பே இருந்தன. 33 லட்சம் வருடம் பழைய கல் கருவிகள் கென்யாவில் கிடைத்திருக்கின்றன.

*

நாம் மூளையில் பத்து சதவீதம்தான் பயன்படுத்துகிறோமாமே?
– பெயர் போடாத வாசகர்

பொய். உடல் எடையில் 2 சதவீதம் இருக்கும் மூளை, நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடலின் சக்தியில் 20 சதவீதத்தைத் தின்கிறது. பயன்படாத சரக்கை இவ்வளவு செலவில் எந்த உடலும் சுமக்காது. ஒரு கடலை அளவு இடத்தில் ரத்தம் நின்றாலே கையோ பேச்சோ போய்விடுவதை நான் பார்த்திருக்கிறேன். இதை வைத்து நினைவாற்றல் வகுப்பு நடத்துகிறவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

*

குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இப்போதுள்ள குரங்குகள் ஏன் மனிதனாக மாறவில்லை? அவற்றின் அறிவு பாதியில் நின்றுவிட்டதா?
– கல்லூரி மாணவர்

தம்பி, சிம்பன்சி நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி. ஏறக்குறைய 60, 70 லட்சம் வருடத்துக்கு முன் நமக்கும் அதற்கும் பொதுவான ஒரு மூதாதை இருந்தது. அங்கிருந்து இரண்டு கிளை. அவர்களும் அதே 60 லட்சம் வருடம் மாறிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள், தங்கள் காட்டுக்குத் தேவையானபடி. பாதியில் யாரும் நிற்கவில்லை.

ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் அயுமு என்ற சிம்பன்சி. திரையில் எண்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தோன்றி, நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் வெள்ளைக் கட்டங்களால் மறைந்துவிடும். எந்த எண் எங்கே இருந்தது என்று வரிசையாகத் தொட வேண்டும். 2007-ல் வெளியான ஆய்வில் அயுமு அங்கிருந்த கல்லூரி மாணவர்களை முந்தியது. அதன் விரல் தயங்குவதே இல்லை. மனிதருக்கும் நிறையப் பயிற்சி கொடுத்தால் எட்டிப் பிடிக்க முடியும் என்று பின்னால் காட்டினார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். என்றாலும், அறிவு என்பது ஒரே ஏணி, நாம் உச்சிப்படி, மற்றவை கீழ்ப்படி என்ற எண்ணம் அயுமுவைப் பார்த்த பிறகு நிற்காது. ஆக்டோபஸுக்கு 50 கோடி நரம்பணு. அதில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இருக்கிறது. அதை எந்தப் படியில் வைப்பாய்?

*

எனக்கு நாலு மாதக் குழந்தை. கன்றுக்குட்டி பிறந்த அன்றே எழுந்து நிற்கிறது. மனிதக் குழந்தை மட்டும் ஏன் தலை நிற்கவே மாதக்கணக்கில் ஆகிறது? உச்சிக்குழி துடிப்பதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது அம்மா.
– இளம் தாய்

பயப்படாதேம்மா. அது துடிக்கத்தான் வேண்டும். குழந்தை அமைதியாக இருக்கும்போது அந்த இடத்தில் விரலை மெல்ல வைத்துப் பார். நாடி விரலில் தட்டும். அந்தத் தோலுக்குக் கீழே எலும்பு இல்லை, ஒரு கெட்டியான சவ்வு, அதற்கடியில் மூளை. அழாமல் உட்கார்ந்த நிலையிலும் அது பிதுங்கி நின்றாலோ, குழிந்து போனாலோ மட்டும் உடனே மருத்துவரிடம் போ. மற்றபடி ஒன்றரை வயது வாக்கில் தானே மூடிக்கொள்ளும். சிம்பன்சிக் குட்டிக்குப் பிறந்த கொஞ்ச நாளிலேயே மூடிவிடுகிறது. நம் பிள்ளைக்கு மட்டும் கதவு இவ்வளவு நாள் திறந்திருக்கிறது.

எதற்காக? உள்ளே வளர்ச்சி முடியவில்லை. சிம்பன்சி பிறக்கும்போது அதன் மூளை, வளர்ந்த சிம்பன்சியின் மூளையில் 40 சதவீதம் இருக்கும். நம் குழந்தைக்கு 30 சதவீதம்கூட இல்லை. முதல் வருடத்திலேயே இரண்டு மடங்காகிவிடும். கருவில் நடந்த வேகம் வெளியே வந்த பிறகும் நிற்பதில்லை. பிரசவத்தின்போது மண்டை எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சரிந்துகொடுக்கும். பிறந்த அன்று தலை கொஞ்சம் நீண்டிருந்ததை நீ பார்த்திருப்பாய். எலும்புகள் இணையாமல் இருப்பது முதலில் அதற்கு உதவுகிறது, அப்புறம் இந்த வளர்ச்சிக்கு.

ஏன் இவ்வளவு சீக்கிரம் பிறக்க வேண்டும் என்பதற்கு இரண்டு விளக்கம் உண்டு. நிமிர்ந்து நடந்ததால் இடுப்பெலும்பின் வழி குறுகியது, இதற்குமேல் தலை பெரிதானால் வெளியே வர முடியாது என்பது பழையது. 2012-ல் ஹோலி டன்ஸ்வொர்த் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் வேறு மாதிரி சொன்னார்கள்: ஒன்பது மாதத்தில் வயிற்றுப்பிள்ளை கேட்கும் சக்தி, தாயின் உடல் தரக்கூடிய எல்லையைத் தொட்டுவிடுகிறது, அதனால் வெளியே வந்துவிடுகிறது. எனக்கு இரண்டாவதுதான் நெருக்கமாகப் படுகிறது. கடைசி மாதங்களில் உனக்கு மூச்சு வாங்கியதை நினைத்துப் பார்.

இதில் நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று உண்டு. அந்த மூளை வளர்ந்து முடிய இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. முன்நெற்றிப் பகுதி முதிர இருபத்தைந்து வயதை ஒட்டிவிடும். ஐந்து வயதுப் பிள்ளையின் உடல் ஒரு நாளில் செலவிடும் சக்தியில் 40 சதவீதத்துக்கும் மேல் மூளைக்கே போகிறது என்று 2014-ல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. அந்த வயதில்தான் உடல் வளர்ச்சி ரொம்பவும் மந்தமாக இருக்கும். உடம்பு காத்திருக்கிறது, மூளை சாப்பிடுகிறது. இந்தச் செலவை ஒரு தாய் தனியாக ஈடுகட்ட முடியாது. காட்டில் சிம்பன்சித் தாய் முதல் மாதங்களில் குட்டியை மற்றவர் கையில் கொடுப்பது அரிது. மனிதத் தாய் கொடுக்கிறாள். பாட்டி, அப்பா, அக்கா, பக்கத்து வீட்டார் என்று கை மாறி மாறி வளர்ந்த பிள்ளைகள்தான் இந்தப் பெரிய மூளையைச் சுமக்க முடிந்தது என்று சாரா பிளாஃபர் ஹர்டி என்ற மானுடவியலாளர் வாதிடுகிறார். நான் அவர் கட்சி.

வெளியே வந்த பிறகு வளரும் மூளை, வெளியே இருப்பதைக் கொண்டே வளர்கிறது. சின்ன வயதில் நரம்பணுக்களுக்கு நடுவில் இணைப்புகள் தேவைக்கு மேல் முளைக்கும். பயன்படுவது தங்கும், பயன்படாதது உதிரும். நீ அதன் முகத்தைப் பார்த்துப் பேசும்போது, அது "ங்கா" என்று திருப்பிச் சொல்ல நீ காத்திருக்கும்போது, உன் விரலுக்குக் கீழே இதுதான் நடந்துகொண்டிருக்கிறது. களைப்பாக இருந்தால் யாரிடமாவது குழந்தையைக் கொடுத்துவிட்டுத் தூங்கு. அதில் குற்ற உணர்வு வேண்டாம். பல லட்சம் வருடமாக அப்படித்தான்.

*

என் மகனுக்கு அறிவுத்திறன் சோதனை வைத்து ஒரு எண்ணைக் கொடுத்தார்கள். சராசரிக்குக் குறைவாம். இது பிறவியிலேயே அமைந்தது, மாறாது என்கிறார் ஒரு உறவினர். உண்மையா?
– ஒரு அம்மா

இந்தச் சோதனையைச் செய்தவர் என்ன நினைத்தார் என்று முதலில் சொல்கிறேன். பாரிஸில் ஆல்ஃபிரட் பினே, 1905-ல், தியடோர் சிமோனோடு சேர்ந்து இதை உருவாக்கினார். பள்ளியில் எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிக்க அரசு கேட்டதற்காக. அறிவு மாறாத அளவு, ஏற்றவே முடியாது என்று சொல்கிறவர்களை அவரே 1909-ல் கண்டித்து எழுதினார். அவர் 1911-ல் இறந்த பிறகு அது வேறு கைகளுக்குப் போனது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட எண்களைக் காட்டி மனிதர்களை "மந்தபுத்தி" என்று முத்திரை குத்திக் கட்டாயக் கருத்தடைகூடச் செய்தார்கள். உதவி செய்ய வந்த கருவியை அவ்வளவு கொடுமைக்குப் பயன்படுத்தினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

பிறவியின் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். உண்டு. ஆனால் ஜேம்ஸ் ஃப்ளின் என்ற அறிஞர் பல நாட்டுச் சோதனைகளை எடுத்துப் பார்த்தபோது, இருபதாம் நூற்றாண்டில் பத்து வருடத்துக்கு ஏறக்குறைய மூன்று புள்ளி வீதம் மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்திருந்தது. இரண்டு தலைமுறையில் மரபணு அப்படி மாறாது. பள்ளி, சத்தான சாப்பாடு, நோய் குறைந்தது, புது மாதிரி யோசிக்கப் பழகியது, இவைதான் மாறின.

என் தம்பியை மூன்றாம் வகுப்பில் ஒரு ஆசிரியர், "இவன் மண்டையில் ஒன்றும் ஏறாது" என்று வகுப்பு முன்னால் சொன்னார். அதையே அவனும் நம்பினான். ஒன்பது வயதில்தான் தெரிந்தது, அவனுக்கு இடது காது கேட்கவே இல்லை. அவன் உட்கார்ந்த இடத்தில் ஆசிரியரின் குரல் இடது பக்கமிருந்துதான் வரும். மற்றப் பக்கம் மாற்றி உட்கார வைத்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். அடுத்த வருடம் கணக்கில் முதல்.

உங்கள் மகனின் காதையும் கண்ணையும் சோதியுங்கள். தூக்கம், ரத்தசோகை, எழுத்து படிப்பதில் தனிச் சிரமம் ஏதாவது உண்டா என்று பாருங்கள். எந்தப் பகுதியில் குறைந்தது என்று சோதித்தவரிடம் கேட்டு வாங்குங்கள். மொத்த எண்ணைவிட அதுதான் உதவும். அந்த எண்ணை அவன் காதில் போடாதீர்கள்.

*

எனக்கு 63 வயது. புதிதாக ஒரு மொழியின் எழுத்தைக் கற்க ஆசை. மூளை ஏற்குமா?
– ஒரு வாசகர்

ஏற்கும். லண்டனில் டாக்சி ஓட்ட உரிமம் வேண்டுமென்றால் ஏறக்குறைய 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். அதற்குப் படித்தவர்களை எலினார் மகுயர் குழுவினர் படிப்புக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்தார்கள். 2011-ல் வெளிவந்தது. தேறியவர்களுக்கு மட்டும் நினைவுக்கு உதவும் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி வளர்ந்திருந்தது. அவர்கள் உங்களைவிட இளையவர்கள், ஆனால் வளர்ந்து முடிந்தவர்கள். உங்களுக்கு இளையவர்களைவிட அதிக நேரம் பிடிக்கும். தினம் கொஞ்சம், கையால் எழுதிப் பழகுங்கள்.

*

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. நாலு மாதம் ஆகிறது. வீட்டில் எல்லோரும் அவர் முன்னாலேயே "அவருக்கு இனி ஒன்றும் புரியாது" என்று பேசுகிறார்கள். அவர் கண்ணைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் நினைப்பது தவறா?
– ஒரு மகள்

தவறாக இருக்காது என்றே நினைக்கிறேன், மகளே.

1861-ல் பாரிஸில் பால் புரோக்கா என்ற அறுவை மருத்துவரிடம் லெபோர்ன் என்பவரைக் கொண்டுவந்தார்கள். இருபத்தொரு வருடமாக மருத்துவமனை வாசம். எதைக் கேட்டாலும் "டான், டான்" என்பார். வேறு சொல் வராது. எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் என்று புரோக்கா கேட்டார். அவர் ஒரு கையை நாலு தடவை விரித்துக் காட்டிவிட்டு, ஒரு விரலை நீட்டினார். இருபத்தொன்று! சில நாளில் அவர் இறந்துபோனார். இடது முன்மூளையில் ஒரு பகுதி அழிந்திருந்தது. அந்த இடத்துக்குத்தான் புரோக்கா பகுதி என்று பெயர். வகுப்பில் நான் அந்த இடத்தை ஊசியால் குத்திக் காட்டுவேன். அந்த விரல்களைப் பற்றிப் பல வருடம் சொல்லாமலே விட்டிருக்கிறேன்.

என் அப்பாவுக்கு 67 வயதில் அதே இடத்தில் வந்தது. அவருக்கு மிஞ்சிய ஒரே சொல் "சரி." தண்ணீர் வேண்டும் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி. கோபத்துக்கு ஒரு சரி, நான் வீட்டுக்கு வந்தால் ஒரு சரி. வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதியவர். ஒரு சாயங்காலம் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மருந்துச் செலவைக் கூட்டிக்கொண்டிருந்தேன். வலது கை அசையாது. இடது கை மெதுவாக வந்து என் தாளில் இரண்டாவது வரிசையைத் தட்டியது. "சரி, சரி" என்றார், அவசரமாக. பார்த்தால், மேலே கொண்டுபோக வேண்டிய ஒன்றை நான் விட்டிருந்தேன். திருத்தினேன். அப்புறம் வந்த "சரி"யில் அவர் பழைய குரல் இருந்தது.

மொழி போனால் யோசனையும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். 2005-ல் ரோஸ்மேரி வார்லியும் அவர் குழுவும் பேச்சு இலக்கணத்தையே இழந்த மூன்று பேரைச் சோதித்தார்கள். வாக்கியத்தின் அமைப்பு அவர்களுக்குப் பிடிபடவில்லை. ஆனால் அடைப்புக்குறி போட்ட கணக்குகளைச் சரியாகப் போட்டார்கள். மூளையில் மொழிக்கு உழைக்கும் பகுதிகளும் எண்ணுக்கும் தர்க்கத்துக்கும் உழைக்கும் பகுதிகளும் பெரும்பாலும் வேறு வேறு.

எல்லாப் பாதிப்பும் ஒன்றல்ல. சிலருக்குக் கேட்பதைப் புரிந்துகொள்வதும் குறையும், அதைப் பேச்சுப் பயிற்சியாளர் சோதித்துச் சொல்வார். நாலு மாதம் தாமதமில்லை, இன்றே ஏற்பாடு செய். வீட்டில் நீ செய்யக்கூடியது: ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. ஆமாம், இல்லை என்று தலையசைக்கும்படி கேள். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பேசு. பதிலுக்கு மனசுக்குள் இருபது வரை எண்ணிக் காத்திரு. அவருக்குத் தெரிந்த பாட்டைச் சேர்ந்து பாடிப் பார், பேச்சு வராத சிலருக்குப் பாட்டில் சொல் வரும். பாட்டுக்கு வலது மூளையும் கைகொடுக்கிறது. அவர் முன்னால் அவரைப் பற்றி மூன்றாம் ஆளாகப் பேச யாரையும் விடாதே.

அவர் என்ன வேலை பார்த்தார் என்று நீ எழுதவில்லை. எதுவானாலும் அந்த வேலையில் ஒரு சின்னச் சிக்கலை, நிஜமாகவே உனக்குத் தெரியாத ஒன்றை, அவரிடம் கொண்டுபோ. தாளையும் பேனாவையும் இடது கைப்பக்கம் வை. என்ன செய்தார் என்று எனக்கு எழுது.